செருப்பு ரிப்பேர், சாவிக் கடையைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? தரையிலிருந்து தொடங்குங்கள்

சென்னை வியாசர்பாடியில் சித்தப்பா நடத்திவந்த கடை 7 அடி அகலம், 9 அடி ஆழம். ஒரு பக்கம் செருப்பு, ஷூ, பை தைப்பது; இன்னொரு பக்கம் சாவி போடுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர். ஷட்டரைத் தூக்கிப் பார்த்தபோது ஷூ தேய்க்கும் பஃபிங் மோட்டார் சேற்றில் கிடந்தது, தோல் எல்லாம் ஊறிப்போய் நாறிக்கொண்டிருந்தது, சாவி மெஷினின் தண்டு துருவேறி இறுகியிருந்தது. அதற்குப் பிறகுதான் கடையை முழுசாகப் பிரித்துக் கட்டினோம். அதில் சரியாகச் செய்ததையும் சொதப்பியதையும் வைத்து, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கடைகளில் பாதித் தொல்லை தரையில்தான் இருக்கிறது. தண்ணீர் தரை வழியாக வருகிறது. தரையில் குந்தி வேலை பார்ப்பதால் இடுப்பு போகிறது. ஆள் தரையில் இருப்பதால் வருகிறவர் செருப்பைக் காலாலேயே தள்ளிவிடுகிறார். அதனால் எதை எங்கே வைப்பது என்று குழம்பினால், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று முதலில் கேளுங்கள்.

ஷட்டரை இறக்குவதற்கு முன்

கடையைப் பிரிப்பதற்கு முன் ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். வருகிற ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியில் எழுதுங்கள்: வார் அறுந்தது, அடி பிரிந்தது, பை ஜிப், ஹீல் ரப்பர், வண்டிச் சாவி, பீரோ சாவி. உங்கள் தெருவுக்கு எது அதிகம் என்று அப்போதுதான் தெரியும். எங்களுக்கு ஷூ பாலிஷ்தான் பெரிய வேலை என்று நான் நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் பள்ளிப் பை ஜிப்பும் இருசக்கர வாகனச் சாவியும்தான் முன்னால் நின்றன. பாலிஷுக்கு என்று நான் மனசுக்குள் ஒதுக்கியிருந்த மேடை அன்றைக்கே காணாமல் போனது.

எப்போது மூடுவது என்பதும் முக்கியம். ஜூனில் பள்ளி திறக்கும்போது கறுப்பு ஷூக்கள் வரிசை கட்டி வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழையில் நனைந்து அடி பிரிந்தவை வரும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வைத்துக்கொண்டால் சிமெண்டும் பெயிண்டும் நன்றாகக் காயும்.

வாங்கி வைத்திருக்கும் செருப்பு, பைகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடுங்கள். கொடுக்க முடியாதவற்றைச் சாக்கில் கட்டி, பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு, ஷட்டரில் ஒரு போன் நம்பர் ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டவில்லை. கடை காலியாகிவிட்டது என்று நினைத்து ஒருவர் வீட்டு ஓனரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டார்.

ஓனரிடம் பேசும்போது சுவரில் துளை போடுவது, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை உடைப்பது, கல் பதிப்பது மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி எழுதி வாங்குங்கள். நாளைக்குக் காலி செய்தால் எது உங்களுடையது, எது அவருடையது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு அட்வான்ஸ் திருப்பி வாங்கும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

எல்லாம் காலியானதும், தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரையுங்கள். கவுண்ட்டர் இவ்வளவு, ஸ்டூல் இங்கே, மோட்டார் அங்கே என்று. வரைந்த கோட்டுக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, திரும்பி, எழுந்து பாருங்கள். தாளில் சரியாகத் தெரிந்த இடத்தில் முழங்கை இடிக்கும். எங்கள் முதல் வரைபடத்தில் தையல் மெஷினின் கை சுவரைப் பார்த்து இருந்தது. அதில் ஒரு நீள பூட்ஸையோ பையையோ மாட்டித் திருப்பவே முடியாது. கோட்டை அழிக்க ஈரத்துணி போதும். வெல்டிங் வைத்த பிறகு அழிக்க முடியாது.

தண்ணீர் கோடு

சுவரைப் பாருங்கள். பழைய வெள்ளத்தின் கறை எங்கேயாவது இருக்கும். இல்லையென்றால் பக்கத்தில் பல வருஷமாகக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். 2015லும் 2023லும் எது வரை வந்தது என்று கையை வைத்தே காட்டுவார். அந்த உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு அடி சேர்த்து, சுவர் முழுக்க பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பிளக் பாயிண்ட், சுவிட்ச், மோட்டார், சாவி மெஷின், சாவி பிளாங்க் (இன்னும் வெட்டாத சாவி), தோல், நூல் எதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழே வரக்கூடாது.

கோட்டுக்குக் கீழே நனைந்தாலும் கெடாததுதான் இருக்க வேண்டும். பிளைவுட்டோ மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையோ வேண்டாம், ஒரே மழையில் ஊதிவிடும். நாங்கள் இரண்டு பக்கமும் செங்கல் கட்டி, நடுவில் கடப்பா கல் பதித்தோம். பாட்டி வீட்டுச் சமையலறை அலமாரி மாதிரி இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். தண்ணீர் வடிந்ததும் ஒரு துணி போட்டுத் துடைத்தால் கல் பழையபடி இருக்கும். மேல் ராக்குகளுக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையாகத் துளை போட்ட இரும்புச் சட்டம்) நல்லது. பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு தொல்லை. ஆங்கிளோ ஷட்டரோ, பெயிண்டுக்கு முன் துரு தடுக்கும் ரெட் ஆக்ஸைடு அடிக்காமல் விடாதீர்கள். வெட்டிய முனையிலும் போல்ட் துளையிலும் விரலால் தடவியாவது பூசுங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

சுவருக்கு வெள்ளை. வேறு யோசனையே வேண்டாம், வெளிச்சம் கூடும்.

கரண்ட்

இதற்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், நீங்களாகவும் செய்யாதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, கடை இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் ஓடுகிறதா, வணிகக் கட்டணத்தில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்திப் பிடிபட்டால் அபராதம் தனி.

1 குதிரைசக்தி மோட்டார் என்றால் 746 வாட். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாதாரண வீட்டு எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டால் அடிக்கடி ட்ரிப் ஆகலாம். மோட்டாருக்கு என்று தனி லைனும், கிளம்பும் இழுப்பைத் தாங்கும் சி வகை எம்.சி.பி.யும் கேளுங்கள். பசையைச் சூடாக்கும் ஹீட் கன் 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம். ஈரக்கையும் இரும்பு மெஷினும் சேரும் கடை இது.

விளக்கில் ஒரு நுணுக்கம். பழைய சோக் வைத்த டியூப்லைட், கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்த வெளிச்சத்தில் வேகமாகச் சுற்றும் கட்டர் சில நேரம் நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும். நம்பிக் கையை வைத்தால் முடிந்தது கதை. நல்ல எல்.இ.டி. போடுங்கள். சாவி மெஷினுக்கு மேலே, கழுத்தை வளைக்கக்கூடிய தனி விளக்கு ஒன்று வேண்டும்.

கவுண்ட்டர்

சித்தப்பா முப்பது வருஷம் ஒரு மணைப் பலகையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். கவுண்ட்டரையும் முதுகு சாய்கிற ஸ்டூலையும் பார்த்துவிட்டு, “இன்னாடா, பேங்க் மேனேஜர் மாதிரி உக்கார வெச்சுட்ட?” என்றார். ரெண்டு நாள் ஸ்டூலில் உட்காரவே இல்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தார், அப்புறம் இறங்கவில்லை.

கவுண்ட்டரின் உயரம் 36 அங்குலம். நின்றுகொண்டிருப்பவருக்கு இடுப்பளவு. உள்பக்கம் வேலை மேஜை அதைவிட நாலைந்து அங்குலம் தாழ்வு. ஸ்டூலில் உட்கார்ந்தால் உங்கள் கண்ணும் நிற்பவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். இதை ஏதோ அழகுக்காகச் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவரை “ஏய், இத தை” என்று கூப்பிட்ட அதே ஆட்கள், கவுண்ட்டர் வந்த பிறகு “அண்ணே, இத கொஞ்சம் பாருங்க” என்றார்கள். இந்தத் தொழிலைச் செய்பவர்களை நம் ஊர் எப்படி நடத்திவந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு கவுண்ட்டர் மாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செருப்பைக் காலால் தள்ள இடமில்லாமல் போகும், குனிந்து கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நாங்கள் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று வந்தது. செருப்பை மேஜைமேல் வைக்கவே பலருக்குத் தயக்கம். பில் நோட்டும் சில்லறையும் இருக்கும் இடத்தில் எப்படி வைப்பது என்று கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள், சிலர் பழையபடி கீழே போட்டார்கள். அதனால் கவுண்ட்டரின் முன்பக்கம், தொடை உயரத்தில், சரிவான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு ஒன்றை வெளியே நீட்டிவிட்டோம். தோசைத் தட்டு இரண்டு அகலம் இருக்கும். அடியில் ரப்பர் பாய். செருப்பு அதில், பணம் மேலே. இப்போது யாரும் கேட்பதே இல்லை, தானாகத் தட்டில் வைக்கிறார்கள்.

ஆள் வைத்து வேலை வாங்குகிறீர்கள் என்றால் உட்கார இருக்கை தருவது உங்கள் தயவு இல்லை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி அது கட்டாயம்.

எது எதோடு சேரக்கூடாது

7க்கு 9 அடியில் மூன்று வேலை நடக்க வேண்டும்: சாவி வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது. மூன்றும் ஒன்றுக்கொன்று ஆகாது.

சாவி வெட்டும்போது சிதறும் பித்தளைத் துருவல் ஊசி மாதிரி இருக்கும். அது பாலிஷ் துணியில் ஏறினால் அடுத்து வரும் ஷூ முழுக்கக் கீறல்தான். அதே போல, தேய்க்கும்போது பறக்கும் தோல் தூளும் ரப்பர் தூளும் சாவி மெஷினின் எண்ணெயில் ஒட்டினால் மாவு மாதிரி ஆகி, நகரும் பகுதி இறுகிவிடும். அதனால் சாவி மெஷின் வாசல் பக்கம், தேய்க்கும் மோட்டார் உள்பக்கம், நடுவில் ஒரு தடுப்பு. மோட்டாருக்கு மூன்று பக்கமும் தகரப் பெட்டி கட்டி, கீழே ஒரு டிராயர் வைத்தால் தூள் அதில் விழும்.

செருப்பை மாட்டிச் சுத்தியலால் அடிக்கும் மூன்று கால் இரும்பை மேஜையில் வைக்காதீர்கள். சுத்தியல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் பலகை வழியாகச் சாவி மெஷினுக்குப் போய், அதன் அளவு தளர்ந்துவிடும். இரும்புக்கு என்று தனியாக ஒரு புளிய மரத்துண்டைத் தரையில் நிறுத்துங்கள். தரையில் இருக்க வேண்டிய ஒரே பொருள் அதுதான், நனைந்தாலும் பரவாயில்லை.

சொல்யூஷன், அதாவது பசை டப்பா கடைசி மூலைக்கு. பசையிலிருந்து கிளம்பும் ஆவி காற்றைவிடக் கனமானது. பசையில் கலக்கும் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவி ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். அது மேலே போகாது, மேஜையிலிருந்து வழிந்து கீழே தேங்கும். எல்லோரும் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள். ஒட்டும் மேஜை மட்டத்திலேயே மாட்டினால்தான் ஆவி உங்கள் மூக்குக்கு வராமல் வெளியே போகும். சாயங்காலமானால் தலை பாரமாக இருக்கிறது என்று சித்தப்பா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கம் போதவில்லை என்று நாங்கள் நினைத்தோம். ஃபேனைக் கீழே இறக்கிய பிறகு அந்தப் பேச்சே இல்லை.

மேஜையில் சின்ன டப்பா மட்டும், மூடி போட்டு. பெரிய டின் வேறு இடத்தில். இரும்புச் சாவியைக் கிரைண்டரில் பிடித்தால் பொறி பறக்கும், அந்த இடமும் பசை மூலையும் எதிரெதிர் கோடியில் இருக்க வேண்டும். அப்புறம் சாமி படம். ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை கற்பூரம் எல்லாம் உண்டுதானே? அந்த அலமாரியையும் சாவி பக்கம் வையுங்கள். எங்கள் பழைய கடையில் முருகன் நேராகப் பசை டின்னுக்கு மேலேதான் இருந்தார். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகாதது அவர் கருணைதான்.

பசையைப் பற்றிக் கொஞ்சம்

கடையை மாற்றும்போதே பழக்கத்தையும் மாற்றுங்கள். ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் ஒட்டும் காலம் போய்விட்டது. தோல், ரப்பர் என்றால் நியோப்ரீன் வகைப் பசை போதும். பி.வி.சி. அடியில் அது நிற்காது. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து பசையைக் கரைத்துவிடும், பத்து நாளில் வாய் பிளந்துகொண்டு திரும்பி வரும். அதற்கு பி.யு. (பாலியூரித்தேன்) பசை தனியாக வாங்குங்கள். இரண்டு டப்பாவுக்கும் வேறு வேறு நிறத்தில் மூடி.

ஒட்டுவது எப்படி என்று ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். பிரிந்த அடியின் பழைய பசையைக் கத்தியால் சுரண்டுங்கள். இரண்டு பக்கமும் சொரசொரப்பாகத் தேய்த்து, தூளைத் துடையுங்கள். மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், ஆனால் விரலோடு வராது, அதுதான் பதம். அதற்கு முன்னால் அவசரப்பட்டுச் சேர்த்தால் உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். சேர்த்த பிறகு எவ்வளவு நேரம் அமுக்கினோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அமுக்கினோம் என்பதுதான் கணக்கு. கயிறு கட்டி ராத்திரி முழுக்க வைப்பதைவிட, மூன்று கால் இரும்பில் மாட்டி ஓரமெல்லாம் சுத்தியலால் நன்றாகத் தட்டுவது மேல்.

மழை நாளில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பசையின் ஆவி போகும்போது அந்த இடம் குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படியும். கண்ணுக்கு லேசாக மங்கியது போலத் தெரியும். அப்படியே ஒட்டினால் பிடிக்காது. ஹீட் கன்னை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மங்கல் போகும்வரை சூடு காட்டி, உடனே சேர்த்துவிடுங்கள். பசை டப்பா மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஹீட் கன்னைப் போடுங்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் சேஃப்டி ஷூக்கள் நிறைய வரும். அடி பி.யு. என்றால் வாங்கும்போதே கட்டை விரலால் அழுத்துங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பி.யு. சும்மா வைத்திருந்தாலே உள்ளுக்குள் சிதைந்துவிடும். மேலே புதுசு மாதிரி இருக்கும், அழுத்தினால் பழைய ரொட்டி மாதிரி உதிரும். அதை எந்தப் பசையும் பிடிக்காது. உதிர்ந்ததைக் கையில் வைத்துக் காட்டி, முழு அடியையும் மாற்றினால்தான் உண்டு என்று சொல்லிவிடுங்கள். ஒட்டிக் கொடுத்துவிட்டு மறுவாரம் பேச்சு வாங்காதீர்கள்.

சாவி பக்கம்

புதிதாக வருபவர் முதலில் வாங்க வேண்டியது சாதாரணச் சிலிண்டர் சாவிக்கான மெஷின் ஒன்று, நல்ல அரங்கள் ஒரு செட், சாவியை இறுகப் பிடிக்க மேஜையில் பதித்த வைஸ் ஒன்று. சிப் வைத்த கார் சாவி, குழி வெட்டிய சாவி எல்லாம் கை பழகிய பிறகு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு போன்றவற்றுக்குக் கையில் அரம் பிடித்துத்தான் சாவி செய்ய வேண்டும், மெஷின் அங்கே எடுபடாது.

பழைய மெஷின் வாங்கினால் சுவிட்சைப் போடுவதற்கு முன் கட்டர் தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் வேண்டாம். பெயிண்ட் புதுசாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், நான் ஏமாந்தேன்.

மெஷினைக் கனமான பலகையில், அடியில் ரப்பர் வைத்து போல்ட் போடுங்கள். பிறகு அளவு பார்க்க வேண்டும். வெட்டாத ஒரே மாதிரி பிளாங்க் இரண்டை எடுத்து, இரண்டு பிடியிலும் மாட்டுங்கள். பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஒரு பக்கம் கைடு (மாதிரிச் சாவியைத் தடவிப் போகும் முனை) பிளாங்கின் விளிம்பைத் தொடும்போது, மறுபக்கம் கட்டர் இன்னொரு பிளாங்கைத் தொட்டும் தொடாமல் இருக்க வேண்டும். கட்டரைக் கையால் மெல்லச் சுற்றினால் பித்தளையில் ஒரு மயிரிழை பளபளப்பு மட்டும் விழும். அதுதான் சரி. பள்ளம் விழுந்தால் கைடை முன்னே கொண்டுவர வேண்டும், ஒன்றுமே விழாவிட்டால் பின்னே. பூட்டின் உள்ளே இருக்கும் பின்களுக்கு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிசகினாலே சாவி திரும்பாது. தினமும் காலையில் ஷட்டர் தூக்கியதும் இதைப் பாருங்கள், இரண்டு நிமிடம்.

டூப்ளிகேட்டைப் பார்த்து டூப்ளிகேட் போடுவது இன்னொரு தலைவலி. முதல் நகலில் வந்த சின்னப் பிசகு இரண்டாவதில் கூடும். “ஒரிஜினல் சாவி இருக்கா?” என்று முதலில் கேட்டுவிடுங்கள். வெட்டி முடித்ததும் கம்பி பிரஷ்ஷில் காட்டிப் பிசிறை எடுக்காமல் கொடுக்காதீர்கள். கண்ணாடி போடாமல் மெஷின் முன் உட்காராதீர்கள்.

பிளாங்குகளைச் சுவரில் பலகை அடித்து, கொக்கிகளில் மாட்டி, ஒவ்வொரு கொக்கிக்கும் எண் எழுதுங்கள். காலியான கொக்கி தூரத்திலிருந்தே தெரியும், பாரிமுனைக்குப் போகும்போது பட்டியல் போட வேண்டியதே இல்லை.

பாதிப் பேர் சாவி சரியில்லை என்று கொண்டுவருவார்கள், பூட்டுதான் அடைத்திருக்கும். தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊற்றி, தூசி சேர்ந்து, உள்ளே பிசின் மாதிரி இருக்கும். கிராஃபைட் தூள் ஒரு டப்பா கவுண்ட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பென்சில் முனையைத் தூளாக்கிப் போட்டாலும் வேலை செய்யும்.

சோப்பில் பதித்த அச்சு, செல்போனில் எடுத்த படம், யாரோ வரைந்த தாள் இவற்றை வைத்துச் சாவி கேட்டு வருவார்கள். எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். பூட்டோடு வரச் சொல்லுங்கள், அல்லது வீட்டுக்கே போய் அக்கம்பக்கத்தார் பார்க்கச் செய்யுங்கள். பெயர், போன் நம்பர், தேதி, என்ன சாவி என்று ஒரு நோட்டு கவுண்ட்டரிலேயே இருக்கட்டும். நோட்டைத் திறந்தாலே சிலர் “அப்புறம் வரேன்” என்று கிளம்பிவிடுவார்கள்.

வாங்குவது, எழுதுவது

தோல், அடி ஷீட், நூல், ஹீல் எல்லாவற்றுக்கும் பெரியமேடுதான். வியாசர்பாடியிலிருந்து போகிறவர்கள் மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பிக் கிளம்பாதீர்கள். கைக்கருவிகளுக்கு செம்புதாஸ் தெரு, கவுண்ட்டர் கண்ணாடிக்கு தேவராஜ முதலி தெரு.

மாநகராட்சியின் தொழில் உரிமம் பெயரும் முகவரியும் சரியாக இருக்கிறதா என்று இந்தச் சாக்கில் பார்த்துப் புதுப்பித்துவிடுங்கள். பெயர்ப்பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 என்பது விகிதம். போர்டு எழுதுபவரிடம் இதை முதலிலேயே சொல்லாவிட்டால், அவர் ஆங்கிலத்தில் பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார். கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கைவினைத் தொழிலுக்கு என்ன திட்டம் ஓடுகிறது என்று கேளுங்கள். மெஷினுக்கான கொட்டேஷனைக் கையோடு கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம்.

டோக்கன் இரண்டு துண்டு: ஒன்று செருப்பில் நூலால் கட்ட, ஒன்று கையில் கொடுக்க. 3 மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளவும் என்று அதிலேயே அச்சடித்துவிடுங்கள். பழைய மணைப் பலகையைத் தூக்கியபோது அதற்கடியிலிருந்து எடுக்கப்படாத பதினோரு செருப்பு கிடைத்தது. ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

மழைக்கு முன் ஒத்திகை

கடை திறப்பதற்கு முதல் நாள் மோட்டார், எக்ஸாஸ்ட், சாவி மெஷின், ஹீட் கன், விளக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஏதாவது ட்ரிப் ஆனால் எலக்ட்ரீஷியன் பாக்கிப் பணம் வாங்க வரும்போதே சரிசெய்துவிடலாம்.

இன்னொரு ஒத்திகை புரட்டாசி முடிவதற்குள். ஒரு சாயங்காலம், தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொண்டு, மெயினை அணைத்து, கீழே இருப்பதை எல்லாம் மேல் ராக்குக்கு ஏற்றிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. அதில் பாதி நேரம் சாவி மெஷினின் நாலு போல்ட்டைக் கழற்றத்தான், ஸ்பேனர் வேறு கிடைக்கவில்லை. மெஷின் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, இருந்தாலும் எங்கள் தெருவில் தண்ணீர் போன தடவையோடு நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே. அந்த நாலு நட்டையும் எடுத்துவிட்டு, கையாலேயே திருகக்கூடிய விங் நட் போட்டோம். மெஷின் அதிர்வில் அது தளரும், அதனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஸ்பிரிங் வாஷர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.